காயும்வரை கழற்றாதே

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, பிழைத்து வந்த மனிதனிடம் ஒரு தங்கை இப்படியா பேசுவாள் என்று யாரும் என்மேல் பாயக் கூடாது. இருபத்தாறு வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறவள் நான். நாலு இயந்திரமும் நீராவி இஸ்திரியும் ஒரே நேரத்தில் இரைகிற இடத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. வீட்டுக்குப் போனாலும் அதே குரல்தான் வருகிறது, என்ன செய்வது.

அண்ணன் என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவான். அவனை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவன். அதிலும் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை இரண்டு வரிசையாக வைத்து, காருக்குப் பின்னால் இருபதடி தள்ளி நிற்பான். தலையில் சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. உச்சியில் பள்ளம், முன்பக்கம் இரண்டு கிள்ளல், சுற்றிலும் வளைந்த விளிம்பு, கறுப்பு நாடா. பழைய படங்களில் துப்பறிகிறவர்கள் போட்டுக்கொண்டு வருவார்களே, அந்த ரகம்.

"கண்ணாடியில என் தொப்பி தெரியுதா? தெரிஞ்சா வா. மறைஞ்சா நில்லு." இவ்வளவுதான் அவன் நடத்துகிற பாடம். இதை வைத்தே இருபத்திரண்டு வருடத்தில் பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டான். அத்தனை வருடமும் அதே தொப்பிதான். வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, தூசியைக் குடித்து, அவன் தலையில் ஒட்டிக்கொண்டு பிறந்தது போலவே ஆகிவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அதே மைதானத்தில், அதே கூம்புகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்தான். தலைக்குள் இரத்தக் கசிவு. இடதுபக்க மண்டையோட்டைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்து, எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டான். கை வந்தது, கால் வந்தது, பேச்சு வந்தது, என்னைக் கிண்டல் பண்ணுகிற புத்தியும் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஆனால் இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே சதை வற்றி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அதைச் சுற்றிக் காதுவரை வளைந்த தழும்பு. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

"எலும்பு நல்லா கூடிடுச்சு. வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. மத்தபடி வெளிய போங்க, வேலைக்குப் போங்க, சந்தோஷமா இருங்க" என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அண்ணன் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழைப்புமணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவான். தபால்காரரைக்கூடப் பார்ப்பதில்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி பொறுமைசாலி, அவரே இரண்டு தடவை வந்து கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை அண்ணியிடம் சொல்லிவிட்டார்: "வர்ற திங்கக்கிழமை புது பேட்ச் ஆரம்பிக்குது. மாஸ்டர் வந்தா அவரு இடம் அவருக்குத்தான். வரலன்னா நான் வேற ஆளப் போட்டாகணும், தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த இடமும் போய்விட்டால் இவன் இனி எதற்காக வெளியே வருவான்? என் பயமெல்லாம் அதுதான்.

வியாழக்கிழமை மதியம் அண்ணி கடைக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரியின் பெயர் போட்ட பிளாஸ்டிக் பை. விழுந்த அன்றைக்கு அவன் உடம்பிலிருந்து கழற்றிய துணிகளை எல்லாம் அதில் திணித்துக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணி அதைத் திறந்து பார்க்கத் தைரியமில்லாமல் அலமாரி மேலே போட்டுவிட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் திறந்திருக்கிறார். சட்டை, பேண்ட், பெல்ட், எல்லாவற்றுக்கும் அடியில் சப்பையாக அந்தத் தொப்பி. பழைய மிதியடி என்றால் நம்பிவிடலாம்.

"இத சரி பண்ண முடியுமா பாரேன்" என்றார் அண்ணி. "நேத்து அவரு தானா கேட்டாரு, என் தொப்பி எங்கன்னு. ஏழு மாசத்துல வெளிய சம்பந்தப்பட்ட பொருள் எதையாவது கேட்டாருன்னா அது இதுதான்."

"அவன் கேட்டானா? அவன் வாயாலயே?"

"ஆமா. இது தலையில இருந்தா பள்ளம் தெரியாது இல்ல? அதான் கேட்டிருப்பாரு."

"குடுங்க அண்ணி. நான் பாத்துக்கறேன். புதுசு தோத்துடும் பாருங்க" என்று மார்தட்டினேன். அந்த வாயை அப்போதே யாராவது தைத்திருக்கலாம்.

கடையில் கூட்டம் குறைந்ததும் தொப்பியை மேசைமேல் வைத்தேன். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். கறை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து ஓரத்தில் பிடித்துப் பார்த்தபோது, இத்தனை வருடம் துணியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. துணி என்றால் நூல் இருக்கும். நெடுக்கில் ஓடும், குறுக்கில் ஓடும், இல்லை கண்ணி கண்ணியாக வளைந்து போகும். இதில் நூலே இல்லை. வெறும் முயல்முடி. அதை ஆவியிலும் வெந்நீரிலும் போட்டு அழுத்தி அழுத்தியே ஒன்றோடொன்று பின்ன வைத்திருக்கிறார்கள். ஒரு தையல் இல்லாமல், ஒரு முடிச்சு இல்லாமல் இருபத்திரண்டு வருடம் மழையையும் வெயிலையும் தாங்கியிருக்கிறது. அட!

உள்ளே நெற்றியைத் தொடுகிற தோல்பட்டையை வெளியே புரட்டிவிட்டேன், ஆவி பட்டால் தோல் சுருங்கிவிடும். பிறகு ஆவிக்குழாயை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளிம்பு அசைந்தது. நான் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. சப்பையாகக் கிடந்த உச்சி தானாக மெல்ல எழுந்தது. மடிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கத்தில் இரண்டு குழிகள் வந்தன. ஒரு பக்கம் ஆழமாக ஒன்று, அது கட்டைவிரல். மறுபக்கம் அகலமாக இன்னொன்று, அது இரண்டு விரல். அண்ணன் தொப்பியைப் பிடித்துச் சரிசெய்கிற இடம். பின்பக்க விளிம்பில் ஓர் இடம் மட்டும் லேசாக மேலே தூக்கிக்கொண்டது. காரில் ஏறி உட்காரும்போது இருக்கையில் இடித்து இடித்து வந்த வளைவு அது.

அவன் கை அங்கே இருந்தது. ஏழு மாதம் மூட்டைக்குள் நசுங்கிக் கிடந்த ஒரு பொருள், கொஞ்சம் ஆவி பட்டதும் என் அண்ணனின் விரல்களை எடுத்துக் காட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அடேயப்பா" என்று வாய்விட்டே சொன்னேன். குழாயை அணைக்க மறந்துபோய் ஆவி தன் பாட்டுக்குக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என் கையை நானே உடைக்கலாம்போல் இருக்கிறது.

எங்கள் தொழிலில் மடிப்பு என்றால் எதிரி. முழங்கை மடிப்பு, முழங்கால் உப்பல், காலரில் விழுந்த வரி, எதைப் பார்த்தாலும் கை தானாகப் போய் அழுத்தும். அந்தத் துணியை யார் போட்டிருந்தார்கள், எப்படி உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம்கூட இருக்கக் கூடாது. அப்போதுதான் சலவை சுத்தம் என்று வாடிக்கையாளர் சொல்வார். அந்தப் பழக்கம் என் விரலில் ஊறிக் கிடக்கிறது. நாலு கடை தள்ளி இருக்கும் விக் கடையில் ஒரு மரத்தலையை இரவல் வாங்கி வந்தேன். அளவெடுத்துப் பார்த்தால் கனகச்சிதம். இடமும் வலமும் ஒரு நூல் பிசகாத உருண்டையான மரத்தலை. அதன்மேல் தொப்பியை மாட்டினேன். ஆவி பிடித்தேன். குழிகளைத் தேய்த்தேன். வளைவைத் தட்டையாக்கினேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதிதாக, அழகாக, சமமாக இரண்டு கிள்ளல் வைத்தேன். விளிம்புக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டேன். ஒரு பகல் முழுக்க மரத்தலையிலேயே காயவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் தொப்பியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை வீடு. பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்தவனுக்கு வலதுபக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, கண்ண மூடு."

"எதுக்கு? இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளா?"

"கேள்வி கேக்காம மூடு."

மூடினான். மடியில் தொப்பியை வைத்தேன். கண்ணைத் திறந்தவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது பாருங்கள், அதற்காக நான் பத்து நாள் பட்டினிகூடக் கிடப்பேன். "இது எங்க கிடைச்சுது?" என்றான். தடவினான். வேகமாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் விரல்களை முன்பக்கம் கொண்டுபோனான். விரல் உட்கார இடம் இல்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று.

எழுந்து போய் கண்ணாடி முன்னால் நின்றான். அந்தக் கண்ணாடியில் முகம் பார்க்காமலே ஏழு மாதம் ஓட்டியிருந்தவன். தொப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக நின்றது. அதற்குக் கீழே தலை கோணலாக இருந்தது. இடதுபக்கம் தொப்பிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. தலையைத் திருப்பினான், தலை திரும்பியது, தொப்பி அங்கேயே நின்றது. பிறகு மெல்லச் சரிந்து இடதுகாதில் போய் உட்கார்ந்தது.

"இது என்னோடது இல்ல, பட்டாசு."

"உன்னோடதுதான்! வேற யாரோடது? நாடாவப் பாரு, உள்ள பட்டையப் பாரு."

"என்னோடது மாதிரி இருக்கு" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

அண்ணி ஏதாவது திட்டியிருந்தால் தேவலை. "நீ நல்லாத்தான் பண்ணியிருக்க. அவருக்குத்தான்…" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். வழிநெடுக என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருடம் அவன் சேர்த்து வைத்ததை ஒரே பகலில் துடைத்து எறிந்துவிட்டு, வாயைப் பிளந்த வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறேனே!

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. தனியாகப் போய்த் திறந்து, தொப்பியை மறுபடி மேசைமேல் வைத்து ஆவி பிடித்தேன். ஒருவேளை அந்தக் குழிகள் திரும்பி வருமோ என்று கண்கொட்டாமல் பார்த்தேன். வரவில்லை. எவ்வளவு ஆவி பிடித்தாலும் மரத்தலையின் உருண்டைதான் எழுந்து நின்றது. அது அண்ணனை மறந்துவிட்டது, மறக்கடித்தவள் நான். அழுகை வந்தது. அழுதுகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறபோது சட்டென்று ஒன்று உறைத்தது. ஒரே பகலில் ஒரு மரத்தலையை இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்ட பொருள் இது. உயிருள்ள தலையைக் கற்றுக்கொள்ளாதா?

கோட்டுகளுக்குப் போடுகிற கைஸ்டீமரைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். நண்பகல் ஆகியிருந்தது. உள்ளறைக் கதவு இன்னும் சாத்தியிருந்தது.

"அண்ணே, கதவத் திற."

"தூங்கறேன்."

"தூங்கறவன் பதில் சொல்லுவானா? திற."

"அந்தத் தொப்பி எனக்கு வேணாம். யாருக்காவது குடுத்துடு."

"தொப்பிக்காக வரல. உன் தலைக்காக வந்திருக்கேன்."

"என் தலையப் பாக்க ஆஸ்பத்திரியில ஆள் இருக்காங்க."

"நான் பாக்கவே இல்லையே!"

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது, எவ்வளவு உண்மை என்று. ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி, ஏழு மாதமாக நான் அவன் இடதுபக்கம் போனதே இல்லை. எனக்குப் பயம். அவன் செத்துப்போகவிருந்த இடம் அது. அண்ணி அடுக்களை வாசலில் அசையாமல் நின்றார். பிறகு தாழ் விலகியது.

"தெரியும்" என்றான் அண்ணன். "நீ எப்பவும் வலது பக்கம்தான் உக்காருவ."

நாற்காலியை நடுவில் போட்டு அவனை உட்கார வைத்தேன். திட்டத்தைச் சொன்னேன். தொப்பியை ஆவியில் பதமாக்கி, சூடு ஆறுவதற்குள் அவன் தலையிலேயே வைத்துவிட வேண்டும். அந்த ஈரத்திலேயே அவன் தலையின் அச்சு ஏறும். ஆனால் முழுக்கக் காயும்வரை கழற்றக் கூடாது. நடுவில் கழற்றினால் அத்தனையும் பாழ்.

"காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம். நாலுகூட ஆகலாம்."

"அதுவரைக்கும் தொப்பியோட இந்த நாற்காலியில உக்காந்திருக்கணுமா? ஏன், ஒரேயடியா ஆணி அடிச்சு விட்டுடேன்."

"உன் மண்டையில ஆணி இறங்காது. டாக்டரே கஷ்டப்பட்டுத்தான் தொறந்தாரு."

சிரித்துவிட்டான். அண்ணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அவன் சிரித்ததைப் பார்த்ததும் அவரும் சிரித்தார்.

தோல்பட்டையை ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்கினேன். ஃபெல்ட் கைக்குள் குழைந்து வரும்வரை ஆவி பிடித்தேன். பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரைப் பார்ப்பதுபோல மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தேன். பிறகு அவன் இடதுபக்கம் போய் நின்று, முதன்முறையாகப் பார்த்தேன்.

நான் பயந்ததுபோல் ஒன்றும் இல்லை. ஒரு பள்ளம். ஒரு கோழிமுட்டையைப் படுக்க வைக்கலாம். தோல் மெல்லிதாக, சுத்தமாக இருந்தது. அதன் ஓரத்தில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிறபடி, விட்டுவிட்டு, ஒழுங்காக. இந்தத் துடிப்பு நின்றுவிடும் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். நிற்கவில்லை. இதோ, துடிக்கிறது! ஏழு மாதமாக இதையா பார்க்காமல் இருந்தேன்? என்னால் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"தொப்பி ஆறிடப் போகுது" என்றான்.

தலையில் வைத்தேன். நெற்றியில் அழுத்தி, பின்னால் இழுத்து, இடதுபக்கத்தில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தேன். அழுத்தத் தயங்கினேன்.

"வலிக்குதா?"

"உன் சத்தந்தான் வலிக்குது. நல்லா வை கைய. ஒண்ணும் ஆகாது. அதுக்கு அடியில எலும்பு இருக்கு." தன் கையை என் கைமேல் வைத்துத் தானே அழுத்திக்கொண்டான். ஃபெல்ட் இறங்கியது. என் உள்ளங்கைக்கு அடியில், கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டு இறங்கியது. நான் தள்ளவில்லை. அதுவே இடம் கண்டுபிடித்துப் போயிற்று.

"முன்பக்கம் நீயே கிள்ளிக்கோ" என்றேன். "நான் தொட மாட்டேன். என் கைக்கு இனிமே அந்த உரிமை இல்ல."

கட்டைவிரல் ஒரு பக்கம், இரண்டு விரல் மறுபக்கம். பார்க்காமலே பிடித்தான். மெல்ல அழுத்தி விட்டான். அவ்வளவுதான், அவன் முகம் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது.

தொப்பிதான் காயவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தால் வைத்த ஈரம் அப்படியே இருந்தது. மூடிய ஜன்னல், இழுத்த திரைச்சீலை, அடைத்துக்கொண்ட காற்று. வெளியே மேகமூட்டம் வேறு. மின்விசிறியைப் போட்டேன், உச்சி மட்டும் காய்ந்து ஓரம் ஈரமாகவே இருந்தது. ஃபெல்ட் நெடுநேரம் ஈரத்தில் ஊறினால் தளர்ந்து தொங்கிவிடும். ஜன்னலைத் திறந்தேன், எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே போகலாம் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் மறுபடி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வான். என் வாழ்க்கையிலேயே நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்த ஒரே நேரம் அது.

அண்ணன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். விரல்களைத் தேய்த்துப் பார்த்தான்.

"இங்க காத்தே இல்லையே" என்றான். "மைதானத்துல அடிக்கும்."

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணியும் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா, அடிக்கும்" என்றேன், பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி.

அவன் செருப்பைத் தேடினான். ஏழு மாதமாக யாரும் போடாத செருப்பு அலமாரிக்கு அடியில் கிடந்தது. அண்ணி குனிந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தார், நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. படியிறங்கினான். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினான். தெருவுக்கு வந்ததும் கையைத் தொப்பிமேல் வைத்துக்கொண்டான், காற்றே இல்லாத தெருவில். நான் அவனுக்கு இடதுபக்கமாக நடந்தேன்.

"மெதுவா நட" என்றான்.

"வேகமா நடந்தாத்தான் காத்து படும்."

"உன்னோட நடந்தா சூடான காத்துதான் படும்."

பத்து நிமிட நடைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மைதானம் திறந்தவெளி, மூன்று பக்கமும் வெறும் கம்பிவேலி. காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு கார் நின்றிருந்தது. உள்ளே பல் டாக்டரம்மா. நாலு தடவை ரிவர்ஸில் தோற்றவர். ஊரில் எல்லோர் பல்லையும் தைரியமாகப் பிடுங்குவார், பின்னால் வர மட்டும் நடுங்குவார். பக்கத்தில் முதலாளி ஓடி ஓடி, "லெஃப்ட்! லெஃப்ட்! ஐயோ, உங்க லெஃப்ட் இல்லம்மா, என் லெஃப்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தார். கார் ஒரு கூம்பைச் சாய்த்தது. இன்னொன்றின் மேல் ஏறியது.

அண்ணன் வேலியோரம் நின்று பார்த்தான். பத்து நிமிடம் பார்த்திருப்பான். தாடை இறுகியது.

"யாரு கூம்ப இவ்வளவு நெருக்கி வச்சது?"

யாரிடமும் பதில் எதிர்பார்க்கவில்லை. நேராக மைதானத்துக்குள் போனான். சாய்ந்த கூம்பை நிமிர்த்தினான், நசுங்கியதைத் தூர எறிந்தான், இரண்டு வரிசையையும் காலாலேயே தள்ளி அகலமாக்கினான். பிறகு காருக்குப் பின்னால் இருபதடியில் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

காரின் பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. அப்படியே எரிந்துகொண்டிருந்தன. உள்ளே டாக்டரம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. முதலாளி கத்துவதை நிறுத்தினார். பிறகு கார் மெல்ல நகர்ந்தது. வளையாமல், தயங்காமல், இரண்டு வரிசைக்கும் நடுவே நூல் பிடித்ததுபோல வந்து, அவனுக்கு நாலடி முன்னால் நின்றது.

"தோ பாரு!" என்று துள்ளினார் முதலாளி. "மாஸ்டர், நாளைக்குக் காலையில எட்டு மணி. புது பேட்ச்!"

"பாக்கலாம்" என்றான் அண்ணன். "இன்னும் ஈரமா இருக்கு."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் விளக்கம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டுத் தடவை கார் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு வேறு வேலை இல்லை. மேகம் விலகி லேசாக வெயில் அடித்தது. பத்தொன்பதாவது தடவை டாக்டரம்மா வளைவில் ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்துவிட்டார். "நில்லுங்க, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் காரை நோக்கி நடந்தான். வழியில் என்னைக் கடந்தபோது தொப்பியைக் கழற்றி என் கையில் திணித்தான்.

"காஞ்சிடுச்சான்னு பாரு."

நின்று பதில் கேட்கவில்லை, போய்விட்டான்.

நான் தொழில்காரி. கை தானாகத் தொப்பிக்குள் போயிற்று. பட்டையைச் சுற்றி விரலை ஓட்டினேன். நெற்றி காய்ந்திருந்தது. வலது பொட்டு காய்ந்திருந்தது. பின்கழுத்துப் பக்கம் காய்ந்திருந்தது. இடதுபக்கம் வந்தபோது என் விரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. அவன் தலையில் எவ்வளவு பள்ளமோ, அவ்வளவு மேடு. வழவழவென்று, உறுதியாக, பிறக்கும்போதே அப்படித்தான் இருந்ததுபோல. கையை எடுக்க மனமே வரவில்லை. இடமும் வலமும் கொஞ்சம்கூடப் பொருந்தாத இப்படி ஒரு பொருளை என் கடையில் யாராவது கொடுத்திருந்தால் முதல் வேலையாக அந்த மேட்டைத்தான் தேய்த்திருப்பேன். என் வாழ்நாளில் இவ்வளவு சரியாக வந்த வேலையை நான் பார்த்ததே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கார் ஜன்னலில் குனிந்து, இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங் பிடித்துச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். வெறுந்தலை. வெயில் நேராக அந்தப் பள்ளத்தில் விழுந்தது. தழும்பு காதுவரை தெரிந்தது. டாக்டரம்மா அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலை திறந்திருப்பது அவனுக்கு நினைவே இல்லை.

"மாஸ்டர், உங்க தொப்…" என்று ஆரம்பித்தார் முதலாளி. நான் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டார்.

அண்ணன் நிமிர்ந்து, தன் இடத்துக்குத் திரும்பி நடந்தான். பாதி வழியில் அவன் கை பழக்கத்தில் மேலே போயிற்று, தொப்பியைச் சரிசெய்ய. விரல்கள் முடியில் பட்டு நின்றன. அவன் நின்றான். கை மெல்ல இறங்கிப் பள்ளத்தின்மேல் வந்து நின்றது. மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"காஞ்சிடுச்சா?"

தொப்பி என் கையில் எலும்புபோலக் காய்ந்திருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு. என்கிட்டயே இருக்கட்டும்."

அவன் என் முகத்தையே பார்த்தான். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன ஒரு பொய்கூட அவனிடம் பலித்ததில்லை.

"சரி, நல்லா காயட்டும்" என்றான். தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, காருக்குப் பின்னால் போய் நின்றான்.